புருவ உயர்த்தல் அறுவை: தூக்க வேண்டியது எந்த முனையை?

வயது ஏற ஏறப் புருவத்தின் வெளிமுனைதான் முதலில் சரிகிறது. புருவத்தை மேலே தூக்குவது நெற்றித்தசை ஒன்றுதான். அது கண்ணுக்கும் காதுக்கும் இடையிலுள்ள நெற்றிப்பொட்டை எட்டுமுன்பே முடிந்துவிடுகிறது. கீழே இழுக்கவோ கண்ணைச் சுற்றிய வளையத்தசை ஓயாமல் வேலை செய்கிறது. எனவே இயல்பான தோற்றத்துக்கு உயர்த்த வேண்டியது பெரும்பாலும் வெளிமுனையைத்தான். மூக்கையொட்டிய முனையை ஏற்றிவிட்டால் முகத்தில் திகைப்பு நிலைத்துவிடும். அதைத் திருத்துவது கடினம்.

பலரும் கனத்த இமையை ஈடுகட்டத் தம்மையறியாமல் நெற்றியைத் தூக்கியே வைத்திருப்பார்கள். கண்ணை மூடி, நெற்றியைத் தளர்த்தி, மெல்லத் திறக்கச் சொன்னால்தான் புருவத்தின் உண்மையான உயரம் தெரியும். தசையைத் தளர்த்தும் போடாக்ஸ் ஊசி போட்டிருந்தால் அதன் வீரியம் தீரும்வரை, அதாவது 3, 4 மாதங்கள், இந்த அளவை நம்ப முடியாது. இதைக் கவனிக்காமல் இமைத்தோலை மட்டும் வெட்டினால், தூக்கும் தேவை நீங்கிய நெற்றித்தசை ஓய்ந்துவிட, புருவம் இன்னும் கீழே வரும்.

எண்டோஸ்கோப் (நுண்கேமரா பொருத்திய குழாய்) முறையில் மயிர்க்கோட்டுக்குப் பின்னால் 3 முதல் 5 சிறு கீறல்கள் போடுவார்கள். ஒவ்வொன்றும் சுமார் 2 செ.மீ. நடுநெற்றியில் எலும்புறைக்கு (எலும்பைப் போர்த்திய சவ்வுக்கு) அடியில் புகுந்து, கண்குழியின் மேல்விளிம்புவரை திசுவைப் பிரிப்பார்கள். விளிம்பில் எலும்புறையைக் குறுக்கே வெட்டி விடுவிப்பதில்தான் மொத்தப் பலனும் இருக்கிறது. அது அரைகுறையானால் மேலே எவ்வளவு இறுக்கினாலும் புருவம் பழைய இடத்துக்கே திரும்பும். எலும்பில் துளையிட்டுப் போடும் தையலோ கரையும் கொக்கியோ, எலும்புறை புதிய இடத்தில் ஒட்டும் சில வாரங்களுக்குப் பிடித்துவைக்க மட்டுமே.

நெற்றிப்பொட்டில், தசையைப் போர்த்திய ஆழ்ந்த வெண்சவ்வை ஒட்டியே கருவி நகர வேண்டும். புருவத்தை அசைக்கும் முகநரம்புக் கிளை அதற்கு மேலடுக்கில் ஓடுகிறது. வழியில் ஒரு சிறு சிரை செங்குத்தாகக் குறுக்கிடும். அதைக் கண்டதும் நரம்பு அருகில் என்று எச்சரிக்கையாகிவிடுவார்கள். இங்கே இரத்தத்தை நிறுத்தும் சூட்டுக்கருவியைத் தாராளமாக வைத்தால் ஒருபக்கப் புருவம் தூக்க முடியாமல் போகலாம். பெரும்பாலும் சில வாரங்களிலோ மாதங்களிலோ சரியாகும்.

ஏற்கெனவே நெற்றி உயரமாக இருப்பவர்களுக்கு இந்த முறை மயிர்க்கோட்டை இன்னும் பின்னுக்குத் தள்ளும். அவர்களுக்கு மயிர்க்கோட்டிலேயே கீறுவது நல்லது, தழும்பு சற்றுத் தெரிந்தாலும்.

தோலில் போட்ட தையல் 7 முதல் 10 நாளில் பிரிக்கப்படும். வீக்கமும் கன்றலும் இரண்டு வாரம் இருக்கும். உச்சந்தலை மரமரப்பும் அரிப்பும் மாதக்கணக்கில் நீடிக்கலாம். தொடக்கத்தில் புருவம் தேவைக்குமேல் உயர்ந்தே நிற்கும். 3 மாதம் ஆகுமுன் கண்ணாடியைப் பார்த்து முடிவுகட்ட வேண்டாம்.