பழத்தில் இருப்பது ஆக்சிஜனேற்றி அன்று

"அமேசான் மழைக்காட்டின் அசாயிப் பழத்தில் ஆக்சிஜனேற்றிகள் நிறைந்துள்ளன, உடலுக்கு மிக நல்லது" என்னும் வாக்கியத்தை, பழத்தின் பெயரும் ஊரும் மட்டும் மாறி மாறிவர, எத்தனையோ முறை படித்துவிட்டேன். காமு காமு, மங்குஸ்தான், ரம்புத்தான் எதுவானாலும் அதே சொல்தான். ஆங்கிலத்தின் 'ஆன்டிஆக்சிடன்ட்' என்பதற்காக எழுதப்படும் 'ஆக்சிஜனேற்றி', சொல்ல வந்ததற்கு நேர்மாறான பொருளைத் தருகிறது.

'ஆக்சிஜன்' என்பது 1777-இல் லவாய்சியே கிரேக்க வேர்களைக் கொண்டு அமைத்த பெயர். 'அமிலத்தைப் பிறப்பிப்பது' என்று பொருள். ஒரு பொருள் எலக்ட்ரானை இழப்பதே ஆக்சிஜனேற்றம். அதற்கு எதிராக நிற்பது ஆன்டிஆக்சிடன்ட்.

மின்னேற்றி மின்னை ஏற்றுகிறது. அவ்வாறே ஆக்சிஜனேற்றி ஆக்சிஜனேற்றத்தை நிகழ்த்துகிறது. பள்ளி வேதியியலிலும் பிற பொருளிடமிருந்து எலக்ட்ரானைப் பறிக்கும் பொட்டாசியம் பர்மாங்கனேட், ஹைட்ரஜன் பெராக்சைடு போன்றவற்றுக்கே இப்பெயர். காமு காமுவின் 100 கிராம் சதையில் ஏறத்தாழ 2 கிராம் வரை இருக்கும் வைட்டமின் சி-யோ, தன் எலக்ட்ரானைக் கொடுத்து, உடலின் செல்களைச் சிதைக்கக்கூடிய தனி உறுப்புகளை (ஃப்ரீ ரேடிக்கல், அதாவது இணையில்லா எலக்ட்ரான் கொண்ட துகள்களை) அடக்குகிறது. கொடுப்பதைப் பறிப்பதென்று எழுதுவதை எப்படிப் பிழைபெயர்ப்பு என்று மட்டும் சொல்லி விட்டுவிடுவது? 'ஆன்டி' என்னும் முன்னொட்டை விழுங்கிவிட்டு மிச்சத்தை மொழிபெயர்த்ததன் விளைவு இது. எழுதியவர் ஒருமுறை வாய்விட்டுப் படித்திருந்தாலே பிடிபட்டிருக்கும்.

'நச்சுமுறி' என்பாரும் உளர். அது விடமுறிவு மருந்துக்கு உரிய சொல். பழத்தை மருந்தாக்கும் விளம்பரத்துக்கே அது துணைபோகும். உணவுகளின் ஆன்டிஆக்சிடன்ட் ஆற்றலைச் சோதனைக்குழாயில் அளந்த எண்கள் உடலிலும் அப்படியே பலிக்கும் என்பதற்குச் சான்றில்லை என்பதாலும், அவ்வெண்கள் விளம்பரங்களில் தவறாகப் பயன்பட்டதாலும், அமெரிக்க வேளாண்மைத் துறை 2012-இல் அத்தகைய அளவீட்டுப் பட்டியலையே விலக்கிக்கொண்டது. 'உயிர்வளியேற்றத் தடுப்பி' என்பது தூய தமிழ்தான். ஆனால் உயிர்வளியையே தடுப்பது போன்ற மயக்கத்தைத் தருகிறது, ஆக்சிஜன் இல்லாமலும் ஆக்சிஜனேற்றம் நிகழும் என்பதையும் மறைக்கிறது. தூய்மையைவிடத் தெளிவே எனக்குப் பெரிது.

பறித்த அசாயியின் கூழைத் திறந்து வைத்தால் அதன் ஆழ்ந்த ஊதா நிறம் மங்கிப் பழுப்பேறும். அந்த மாற்றத்தில் பெரும்பங்கு ஆக்சிஜனேற்றத்துடையது. அதைத் தடுப்பதற்கு 'ஆக்சிஜனேற்றத் தடுப்பி' என்பதே பொருந்தும் பெயர். தலைப்பில் இடம் போதாதென்றால் 'ஆன்டிஆக்சிடன்ட்' என்றே எழுதிவிடலாம். கடன்சொல் நேர்மாறான பொருளையாவது தராது.