பக்கத்து இருக்கை காலியாக இருக்கும்போது: எல்லை கடக்கும் நெடும்பயணமும் ஓட்டுபவரின் உடலும்

சொந்தக் காரில், துணைக்கு எவரும் இல்லாமல், ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டுக்கு ஓட்டிச் செல்பவர்கள் புறப்படுவதற்கு முன் மருத்துவரைப் பார்ப்பது அரிது. போய்வந்த பிறகு, கெண்டைக்கால் வீங்கியிருக்கிறது என்றோ, பகலில் கண் சொக்குகிறது என்றோ வருகிறார்கள். பொது மருத்துவத்தோடு தூக்கக் கோளாறுகளுக்கும் சிகிச்சை அளிப்பவன் என்ற முறையில் இவர்களிடம் நான் தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: ஒரு நாளில் எத்தனை மணி நேரத்துக்கு மேல் ஓட்டுவதில்லை என்று முன்கூட்டியே முடிவு செய்திருந்தீர்களா? வண்டியின் காப்பீடு, சர்வதேச ஓட்டுநர் அனுமதி, சுங்க ஆவணங்கள், டயரின் வயது எல்லாவற்றுக்கும் அவர்களிடம் தெளிவான பதில் இருக்கும். இந்தக் கேள்விக்கு மட்டும், "களைப்பாக இருந்தால் நிறுத்திவிடுவேன்" என்பதே பெரும்பாலானோரின் பதில். அந்த நம்பிக்கை ஏன் ஆபத்தானது என்பதை விளக்கவே இதை எழுதுகிறேன்.

களைப்பை உணர வேண்டியது மூளை; முதலில் களைத்துப்போவதும் அதே மூளைதான். தூக்கம் போதாத மூளை தன் நிலையை உள்ளதைவிட நன்றாகவே மதிப்பிட்டுக்கொள்கிறது. கண் இமைகள் மூடித் திறக்கச் சற்று அதிக நேரம் எடுக்கும், வேகமானி முள் காரணமின்றி ஏறி இறங்கும், வண்டி தன் தடத்துக்குள்ளேயே மெல்ல இடமும் வலமும் நகரும். பக்கத்தில் ஒருவர் இருந்தால் இவற்றைக் கவனித்து, "கொஞ்சம் ஓரங்கட்டுங்கள்" என்று சொல்லிவிடுவார். தனியாக ஓட்டுபவருக்கு அதைச் சொல்ல ஆள் இல்லை. நுண்தூக்கம் என்று நாங்கள் குறிப்பிடும் நிலை சில வினாடிகளே நீடிக்கும். சில வேளைகளில் கண்கள் திறந்தபடியே இருக்கும். மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும் கார் ஒரு வினாடியில் ஏறத்தாழ 28 மீட்டர் கடக்கிறது. நான்கு வினாடி கண்ணயர்ந்தால், 110 மீட்டர் தூரத்துக்கு அந்த வண்டியை எவரும் ஓட்டவில்லை என்று பொருள்.

என்னிடம் வந்த ஒருவர், தாம் ஒரு வினாடிகூடத் தூங்கவில்லை என்று உறுதியாகச் சொன்னார். வண்டி சாலையோரத் தடுப்பில் உரசியதற்குக் காரணம் எதிரே வந்த விளக்கு வெளிச்சம் என்பது அவர் எண்ணம். முன்கண்ணாடியில் பொருத்தியிருந்த கேமராவின் பதிவை என் அறையிலேயே போட்டுக் காட்டினார். தூக்கம் வராமல் இருப்பதற்காக அவர் சத்தமாகப் பாடிக்கொண்டிருந்தது அதில் பதிவாகியிருந்தது. ஒரு வரியின் நடுவில் குரல் நின்றது. எஞ்சின் ஓசை மட்டும் கேட்டது; ஓரத்து வெள்ளைக் கோடு மெதுவாக வண்டியின் அடியில் நுழைந்தது; அதிர்வுப் பட்டைகளின் தடதடப்பு எழுந்தது; வண்டி வெடுக்கென்று திரும்பியது. பிறகு, எதுவுமே நடக்காதது போல, அடுத்த வரியிலிருந்து பாட்டு தொடர்ந்தது. தடுப்பில் உரசியது அதற்குச் சில நிமிடங்கள் கழித்துத்தான். நடுவில் விழுந்த அந்த இடைவெளி அவருக்கு நினைவிலேயே இல்லை. பதிவை மூன்று முறை பார்த்த பிறகுதான் ஏற்றுக்கொண்டார்.

தூங்காமல் விழித்திருக்கும் நேரம் ஓட்டும் திறனை எப்படிக் குறைக்கிறது என்பது நன்கு ஆராயப்பட்ட ஒன்று. தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருப்பவரின் செயல்திறன், இரத்தத்தில் 0.05 சதவீதம் மது உள்ளவரின் அளவுக்குக் குறைந்துவிடுகிறது என்று 1997-இல் வெளியான ஆய்வு காட்டியது. பல நாடுகளில் சட்டம் அனுமதிக்கும் உச்ச வரம்பே அதுதான். நெரிசலைத் தவிர்க்க அதிகாலை 4 மணிக்கு எழுந்து புறப்படுபவர், எல்லைச் சாவடியில் காத்திருந்து, இருட்டிய பிறகும் "இன்னும் கொஞ்ச தூரந்தானே" என்று ஓட்டினால், இரவு 9 மணிக்கு அந்த நிலையை எட்டிவிடுகிறார். ஒரு சொட்டு மதுவையும் தொடாதவர் அவர். இத்துடன் உடலின் உள் கடிகாரமும் சேர்ந்துகொள்கிறது. நள்ளிரவு கடந்து 2 மணி முதல் 6 மணி வரையிலும், பிற்பகல் 2 மணி முதல் 4 மணி வரையிலும், முந்தின இரவு நன்றாகத் தூங்கியவருக்குக்கூட விழிப்பு மட்டுப்படும்.

கண்ணாடியை இறக்கிவிட்டுக் காற்று வாங்குவதும், பாட்டின் ஒலியைக் கூட்டுவதும், முகத்தில் தண்ணீர் தெளிப்பதும் சில நிமிடங்களுக்கு மேல் பயன் தருவதில்லை. நிறுத்துவதற்கு இடம் தேடும் வரை அவை உதவலாம். பயணத்தைத் தொடர உதவா. உண்மையில் பயன் தருவது தூக்கம் ஒன்றே. பாதுகாப்பான இடத்தில் நிறுத்தி, ஒரு காப்பி குடித்துவிட்டு, உடனே இருக்கையைச் சாய்த்து 15 முதல் 20 நிமிடம் கண் மூடுங்கள். காப்பியின் காஃபீன் வேலை செய்ய ஏறத்தாழ அரை மணி நேரம் ஆகும் என்பதால், எழும்போது இரண்டின் பலனும் சேர்ந்து கிடைக்கும். அதற்கு மேல் தூங்கினால் எழுந்தவுடன் ஒரு மந்தம் இருக்கும். அது தெளிந்த பிறகே ஸ்டீயரிங்கைத் தொட வேண்டும். ஆனால் இது அடுத்த ஊரில் அறை எடுத்துப் படுக்கும் வரைக்கான ஏற்பாடு மட்டுமே. இரவுத் தூக்கத்துக்கு அது ஈடாகாது.

ஐரோப்பிய ஒன்றியத்தில் லாரி, பேருந்து ஓட்டுநர்களுக்குச் சட்டமே வரம்பு வகுத்திருக்கிறது. நாலரை மணி நேரம் ஓட்டினால் 45 நிமிட ஓய்வு கட்டாயம். ஒரு நாளில் பொதுவாக 9 மணி நேரத்துக்கு மேல் ஓட்டக் கூடாது. ஓட்டுவதையே தொழிலாகக் கொண்ட, பழகிய உடல்களுக்கான வரம்பு இது. சொந்தக் காரில் போகிறவருக்கு அப்படி ஒரு சட்டம் இல்லை, ஆகவே அதை அவரே தமக்கு வகுத்துக்கொள்ள வேண்டும். நான் சொல்வது இன்னும் கண்டிப்பானது: இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை இறங்கி நடக்க வேண்டும், எல்லையில் காத்திருக்கும் நேரத்தையும் சேர்த்து நாளுக்கு 8 மணி நேரத்தோடு முடித்துக்கொள்ள வேண்டும், நிறுத்தும் ஊரையும் நேரத்தையும் முந்தின நாளே தெளிந்த தலையோடு தாளில் எழுதிவைக்க வேண்டும். சாலையில் போய் முடிவெடுக்கலாம் என்று விட்டுவைத்தால், அந்த முடிவை எடுக்கப்போவது களைத்த மூளை.

எல்லைச் சாவடியின் வரிசையில் நிற்பதை ஓய்வாகக் கணக்கிடுபவர்கள் பலர். அது ஓய்வே அல்ல. ஐந்து மீட்டர் நகர்வதும் நிற்பதுமாக, ஆவணங்களைத் திரும்பத் திரும்பச் சரிபார்த்தபடி, வெயிலிலும் புகையிலும் கழியும் அந்த மணி நேரங்களில் உடல் ஒரு பதற்றத்தால்தான் விழித்திருக்கிறது. முத்திரை குத்தித் தடுப்புக் கட்டை உயர்ந்ததும் அந்தப் பதற்றம் விலகுகிறது. அதுவரை அடங்கிக் கிடந்த தூக்கம் மேலே வருகிறது. எல்லையைக் கடந்த அடுத்த இரண்டு மணி நேரமே முழுப் பயணத்திலும் அபாயமான பகுதி என்பது, இப்படிப் பயணித்தவர்கள் சொல்வதைக் கேட்டுக் கேட்டு எனக்கு ஏற்பட்ட கருத்து. இழந்த நேரத்தை ஈடுகட்ட விரைவதும் அப்போதுதான். கடந்தவுடன் கிடைக்கும் முதல் நிறுத்துமிடத்தில் அரை மணி நேரம் நின்றுவிடுங்கள்.

எல்லைக்கு அப்பால் சாலையின் பக்கமே மாறுகிறது என்றால் இந்த நிறுத்தம் இருமடங்கு அவசியம். நெரிசலான சாலையில் தவறு நேர்வது குறைவு; முன்னே போகும் வண்டிகளே வழிகாட்டிவிடும். பெட்ரோல் நிலையத்திலிருந்து வெளியே வரும்போதும், ஆளற்ற அதிகாலைச் சாலையில் திரும்பும்போதும்தான் கை பழைய பழக்கத்துக்குப் போகிறது. முந்திச் செல்வதும் கடினம்: ஸ்டீயரிங் சாலையின் விளிம்புப் பக்கத்தில் இருப்பதால் எதிரே வருவது தெரியாது, பார்த்துச் சொல்லவும் ஆள் கிடையாது. ஆகவே இருவழிச் சாலையில் லாரியை முந்துவதையே விட்டுவிடுங்கள். எந்தப் பக்கம் செல்ல வேண்டும் என்பதற்கு ஒரு பெரிய அம்புக்குறியை வரைந்து கண்ணெதிரே ஒட்டிக்கொள்ளுங்கள். ஒவ்வொரு நிறுத்தத்துக்குப் பிறகும் அது தேவைப்படும்.

மருந்துகளைப் பற்றி விரிவாகவே சொல்ல வேண்டும். ஒரு நாட்டில் மருத்துவர் சாதாரணமாக எழுதிக்கொடுக்கும் கோடீன், டிரமடால் போன்ற வலிமருந்துகளும், தூக்க மாத்திரைகளும், கவனக்குறைபாட்டுக்கான மருந்துகளும் இன்னொரு நாட்டில் கட்டுப்படுத்தப்பட்ட போதைப்பொருள் பட்டியலில் இருக்கலாம். விமானத்தில் போகிறவர் சேருமிடத்தின் சட்டத்தையும், விமானம் மாறும் நாட்டின் சட்டத்தையும் பார்த்தால் போதும். காரில் போகிறவரோ, நடுவில் சில மணி நேரமே கடந்து செல்லும் நாட்டின் சட்டத்துக்கும் கட்டுப்பட்டவர். சர்வதேசப் போதைப்பொருள் கட்டுப்பாட்டு வாரியம் தன் இணையதளத்தில் நாடுவாரியாக இந்த விதிகளைத் தொகுத்து வைத்திருக்கிறது. வழியில் வரும் ஒவ்வொரு நாட்டுக்கும் பாருங்கள். ஐரோப்பாவில் தமக்கிடையே எல்லைச் சோதனையை நீக்கிக்கொண்ட ஷெங்கன் நாடுகளுக்குள் இத்தகைய மருந்தை எடுத்துச் செல்ல 30 நாள் செல்லுபடியாகும் தனிச் சான்றிதழே இருக்கிறது. மாத்திரைகளை டப்பாவில் கொட்டி எடுத்துப் போகாதீர்கள். அட்டையோடு, மருந்தின் பொதுப்பெயர் எழுதிய சீட்டோடு வைத்திருங்கள். வணிகப் பெயர் நாட்டுக்கு நாடு மாறும், அதிகாரிக்கு அது எதையும் சொல்லாது. வழியில் சளிக்கோ குமட்டலுக்கோ முன்பின் தெரியாத பெயரில் மாத்திரை வாங்கி விழுங்கிவிட்டு ஓட்டுவதும் கூடாது. குளோர்பெனிரமின், புரோமெத்தசின் போன்றவை அவற்றில் இருந்தால் தூக்கம் கண்ணைக் கட்டும்.

வெயிலில் நிறுத்திய காரின் உட்புற வெப்பம் ஒரு மணி நேரத்தில் வெளிவெப்பத்தைவிட ஏறத்தாழ 20 டிகிரி செல்சியஸ் உயரக்கூடும். அதன் பெரும்பகுதி முதல் அரை மணி நேரத்திலேயே ஏறிவிடும். இன்சுலின் அந்தச் சூட்டில் வீரியம் இழக்கும். காரை விட்டு இறங்கும்போதெல்லாம் மருந்துப் பையும் உங்களோடு இறங்க வேண்டும்.

இன்சுலினோ, சர்க்கரையைத் தாழ்த்தக்கூடிய மாத்திரைகளோ எடுப்பவர்களுக்கு எல்லை வரிசை தனி ஆபத்து, ஏனெனில் சாப்பாட்டு நேரம் எப்போது தள்ளிப்போகும் என்று அங்கே எவராலும் சொல்ல முடியாது. பிரிட்டன் இன்சுலின் எடுக்கும் ஓட்டுநர்களுக்கு வகுத்திருக்கும் நெறியை நான் எல்லோருக்கும் பரிந்துரைக்கிறேன்: புறப்படும் முன்பும், பிறகு இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறையும் சர்க்கரையைப் பார்க்க வேண்டும், 90-க்குக் கீழே இருந்தால் சாப்பிட்ட பிறகே ஓட்ட வேண்டும், தாழ்சர்க்கரை ஏற்பட்டிருந்தால், அளவு சரியாகி 45 நிமிடம் கழியும் வரை வண்டியை எடுக்கக் கூடாது. குளுக்கோஸ் பின்பெட்டியில் இருந்து பயனில்லை, கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். தாழ்சர்க்கரையில் பேச்சு குழறும், கை நடுங்கும், கோபம் வரும். நோயை அறியாத அதிகாரிக்கு அது குடிபோதையாகவே தெரியும். "எனக்கு நீரிழிவு, இனிப்பு கொடுங்கள்" என்று அந்நாட்டு மொழியில் எழுதிய அட்டை ஒன்று சட்டைப்பையில் இருக்கட்டும்.

நான்கு மணி நேரத்துக்கு மேல் அசையாமல் அமர்ந்து பயணம் செய்வது, காலின் ஆழ்சிரைகளில் இரத்தம் உறையும் வாய்ப்பை ஏறக்குறைய இரட்டிப்பாக்குகிறது என்று உலக சுகாதார நிறுவனம் 2007-இல் தெரிவித்தது. விமானம், ரயில், பேருந்து, கார் எல்லாவற்றுக்கும் இது பொருந்தும். நல்ல உடல்நிலையில் இருப்பவருக்கு மொத்த வாய்ப்பு சிறியதுதான். முன்பு ஒருமுறை உறைவு வந்தவர்கள், அண்மையில் அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர்கள், கருவுற்றவர்கள், கருத்தடை மாத்திரை எடுப்பவர்கள், புற்றுநோய்ச் சிகிச்சையில் இருப்பவர்கள் புறப்படும் முன் கட்டாயம் மருத்துவரைப் பார்க்க வேண்டும். கழிப்பறை கிடைக்காதே என்று தண்ணீரைக் குறைப்பது தனியாக ஓட்டுபவர்களிடம் நான் அடிக்கடி காணும் பழக்கம்; அது களைப்பைத்தான் கூட்டும். பயணத்துக்குப் பின் ஒரு காலில் மட்டும் வீக்கமும் வலியும் இருந்தால், தசைப்பிடிப்பு என்று தைலம் தேய்த்து உருவிவிடாதீர்கள். மருத்துவமனைக்குப் போங்கள். மூச்சு வாங்கினாலோ நெஞ்சு வலித்தாலோ ஒரு நிமிடமும் தாமதிக்க வேண்டாம்.

காருக்குள் தூங்க நேர்ந்தால் எஞ்சினை நிறுத்திவிட்டே தூங்குங்கள். புகைபோக்கி பனியிலோ சேற்றிலோ அடைபட்டால் கார்பன் மோனாக்சைடு உள்ளே வரும். அதற்கு மணமும் நிறமும் இல்லை.

உரக்கக் குறட்டை விடுபவர்கள், எட்டு மணி நேரம் தூங்கியும் பகலில் கண்ணயர்பவர்கள் ஆகியோருக்குத் தூக்கத்தில் மூச்சுத் தடைபடும் நோய் இருக்கக்கூடும். சிகிச்சை பெறாத நிலையில் இந்நோய் விபத்து வாய்ப்பை இரண்டு மடங்குக்கும் மேல் உயர்த்துகிறது. இவர்கள் பரிசோதனை முடியும் வரை நெடும்பயணத்தைத் தள்ளிப்போட வேண்டும் என்பதில் நான் விட்டுக்கொடுப்பதில்லை. ஏற்கெனவே சுவாச உதவிக் கருவி பயன்படுத்துபவர்கள், சுங்கத்தில் கேள்வி கேட்பார்கள் என்றோ பெட்டியில் இடமில்லை என்றோ அதை வீட்டில் விட்டுப் போகிறார்கள். ஒன்றிரண்டு இரவுகள் கருவி இல்லாமல் தூங்கினாலே பகல் தூக்கம் திரும்பிவிடும். மருத்துவரின் கடிதத்தோடு அதை உடன் எடுத்துச் செல்லுங்கள்.

கடைசியாக, வீட்டில் இருக்கும் ஒருவரோடு செய்துகொள்ள வேண்டிய ஏற்பாடு. எழுதிவைத்த நிறுத்த நேரங்களின் பிரதி அவரிடம் இருக்க வேண்டும்; ஒவ்வொரு நிறுத்தத்திலும் வண்டி நின்ற பிறகு அவரை அழைக்க வேண்டும். நாளின் வரம்பு முடிந்துவிட்டால் "இனி ஓட்டாதே" என்று சொல்லும் உரிமையை அவருக்கு முன்பே கொடுத்துவிடுங்கள், அவர் சொன்னால் வாதாடாமல் நிறுத்துங்கள். எல்லையை ஒட்டிய பகுதிகளில் கைப்பேசித் தொடர்பு அறுந்துபோவது வழக்கம் என்பதால், எவ்வளவு நேரம் அழைப்பு வராவிட்டால் கவலைப்பட வேண்டும் என்பதையும் இருவரும் பேசி முடிவு செய்யுங்கள். அந்த நேரம் கடந்தால் எந்த நாட்டின் எந்த அவசர எண், எந்தத் தூதரகம், எந்தக் காப்பீட்டு உதவி எண் என்ற வரிசையை, வண்டியின் எண், நிறம், உங்கள் இரத்த வகை, எடுக்கும் மருந்துகள் ஆகியவற்றோடு ஒரே தாளில் எழுதி அவரிடம் கொடுத்துவிட்டுப் புறப்படுங்கள்.