லே நகரில் மூச்சு வாங்குவது ஏன்?

லடாக்கின் லே நகரம் சுமார் 3,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. விமானத்தில் போய் இறங்கியவருக்கு அங்கே இரண்டு மாடி ஏறினாலே மூச்சு வாங்கும். காற்றில் ஆக்சிஜனின் சதவீதம் அங்கும் 21தான். குறைந்திருப்பது காற்றழுத்தம்.

கணக்கைப் போட்டுப் பார்த்துவிடலாம். கடல் மட்டத்தில் காற்றழுத்தம் 760 மி.மீ. பாதரசம். உள்ளே போகும் காற்று உடல் சூட்டில் ஈரமாவதால் நீராவிக்கு 47 போய்விடும். மீதி 713-இல் 21 சதவீதம் என்றால் ஆக்சிஜனுக்கு 150. நுரையீரலின் நுண்ணறைகளில் கார்பன் டை ஆக்சைடும் இடம் பிடித்துக்கொள்ள, கடைசியில் தேறுவது 100. லேயில் மொத்த அழுத்தமே 500-ஐ ஒட்டித்தான். நீராவியோ அங்கும் அதே 47-ஐ எடுத்துக்கொள்ளும். நுண்ணறையில் மிஞ்சுவது 50 முதல் 55 வரை.

நுண்ணறைக்கும் ரத்தத்துக்கும் இடையிலுள்ள சவ்வின் தடிமன் ஒரு மைக்ரோமீட்டர்கூட இல்லை. அழுத்தம் மிகுந்த பக்கத்திலிருந்து குறைந்த பக்கத்துக்கு ஆக்சிஜன் தானாகப் பரவும். ஓய்வாக இருக்கையில் ரத்தம் நுண்ணறையை ஒட்டிய மெல்லிய ரத்த நுண்குழாயைக் கடக்க ஏறக்குறைய 0.75 நொடி ஆகும்; சமவெளியில் முதல் 0.25 நொடியிலேயே ஆக்சிஜன் நிரம்பிவிடுகிறது. மலையில் அழுத்த வேறுபாடு சிறியது, நிரம்ப அதிக நேரம் தேவை. அந்த நேரத்தில் படியேறினால் இதயம் ரத்தத்தை இன்னும் விரட்டுகிறது. ரத்தம் அரைகுறையாக நிரம்பியே வெளியேறுகிறது. உட்கார்ந்திருக்கும்போது ரத்தத்தின் ஆக்சிஜன் நிறைவை விரலில் அளக்கும் ஆக்சிமீட்டர் 88 சதவீதம் காட்டினால், வேறு தொந்தரவு இல்லாதவரை, பதற வேண்டாம். அந்த உயரத்துக்கு அது இயல்புதான்.

ஆக்சிஜன் குறைந்ததும் கழுத்துத் தமனியருகே உள்ள உணர்விகள் மூச்சை வேகப்படுத்தும். ஆனால் கார்பன் டை ஆக்சைடு அதிகமாக வெளியேறி ரத்தம் காரத்தன்மை அடைவதால், மூளை மூச்சுக்குக் கடிவாளம் போடுகிறது. இரவில் மூச்சு நின்று நின்று வருவது இதனால்தான். சிறுநீரகம் காரப்பொருளான பைகார்பனேட்டை வெளியேற்றிச் சரிக்கட்டச் சில நாட்கள் ஆகும். மருத்துவர்கள் தரும் அசெட்டசோலமைடு என்ற மருந்து அந்த வேலையைத்தான் துரிதப்படுத்துகிறது.

உண்மையில் அஞ்ச வேண்டியது நுரையீரலில் நீர் கோப்பதைத்தான். ஆக்சிஜன் குறைந்த பகுதியின் ரத்தக் குழாய்கள் சுருங்குவது நுரையீரலின் இயல்பு. நிமோனியாவில் இது நன்மை: ரத்தம் நல்ல பகுதிக்குத் திரும்பும். மலையிலோ நுரையீரல் முழுக்க ஆக்சிஜன் குறைவு. குழாய்கள் எங்கும், ஆனால் ஏற்றத்தாழ்வாகச் சுருங்க, குறைவாகச் சுருங்கிய இடங்களில் ரத்தம் பாய்ந்து நுண்குழாய்கள் கசிகின்றன. பெரும்பாலும் இரண்டாவது முதல் நான்காவது நாளுக்குள் தொடங்கும். சும்மா இருக்கும்போதே மூச்சிரைப்பு, வறட்டு இருமல், பிறகு இளஞ்சிவப்பு நுரைச்சளி என முற்றும். உடனே ஆக்சிஜன் கொடுத்து, குறைந்தது 1,000 மீட்டராவது கீழே இறக்க வேண்டும். விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது.