சிறுநீர்ப்பையின் கழுத்தைத் தளர்த்தும் வாயு

புக்கிட் மெர்தாஜாமிலிருந்து ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் எழுதியிருக்கிறார். புராஸ்டேட் வீக்கத்துக்காக மருத்துவர் எழுதிக்கொடுத்த தடாலாபில், ஆண்மைக் குறைவுக்குத் தரும் அதே மாத்திரை என்று அறிந்ததிலிருந்து அதை விழுங்கக் கூச்சமாக இருக்கிறதாம். கூச்சப்பட இதில் எதுவுமில்லை; இரண்டு இடங்களிலும் தசையைத் தளர்த்தும் வழி ஒன்றுதான்.

சிறுநீர் சேரும்போது சிறுநீர்ப்பையின் சுவர் தளர்ந்தும், சிறுநீர் வெளியேறும் வாயான கழுத்து இறுகியும் இருக்கும். கழிக்கும்போது இது தலைகீழாகும். சுவரைச் சுருக்குவது அசிட்டைல்கோலின் என்ற நரம்புச் செய்திப்பொருள். கழுத்தைத் தளர்த்துவதில் முதலிடம் நைட்ரிக் ஆக்சைடு என்ற வாயுவுக்கு. வாயு என்பதால் மற்ற நரம்புச் செய்திப்பொருள்களைப் போல இதை நுண்பைகளில் அடைத்துவைக்க முடியாது. நரம்புத் துடிப்பு முனையை எட்டி, கால்சியம் உள்ளே பாயும் அந்தக் கணத்தில்தான், ஒரு நொதி எல்-ஆர்ஜினின் என்ற அமினோ அமிலத்திலிருந்து அதை உண்டாக்குகிறது. நொடிகளில் அது மறைந்தும் விடுகிறது.

இப்படி மறையும் ஒன்றை எப்படிக் கண்டுபிடித்தார்கள் என்பதுதான் என்னை ஆண்டுக்கணக்கில் வியக்கவைக்கும் பகுதி. பன்றியின் சிறுநீர்ப்பைக் கழுத்திலிருந்து வெட்டிய மெல்லிய தசைத்துண்டை, ஆக்சிஜன் குமிழியிடும் 37 பாகை உப்புக்கரைசலில் தொங்கவிட்டு, அதன் ஒரு முனையை விசை அளக்கும் கருவியோடு நூலால் இணைக்கிறார்கள். மற்ற நரம்புச் செய்திகளை மருந்துகளால் அடக்கி, தசையை இறுகச் செய்து, சிறு மின்துடிப்புகளைச் செலுத்தினால் துண்டு தளர்கிறது. நரம்பை முடக்கும் பேத்தைமீன் நஞ்சை விட்டால் தளர்ச்சி நின்றுவிடுகிறது. ஆகவே இது நரம்பின் வேலை. அடுத்து, ஆர்ஜினினைப் போல உருவம்கொண்டு நொதியின் இடத்தை அடைத்துக்கொள்ளும் எல்-நைட்ரோஆர்ஜினினைச் சேர்த்தால், தளர்ச்சியின் பெரும்பகுதி மறைகிறது. உண்மையான எல்-ஆர்ஜினினை நிறையச் சேர்த்தால் அது மீள்கிறது. அதே தடுப்பானின் கண்ணாடிப் பிம்பமான டி-வடிவத்துக்கோ எந்த விளைவும் இல்லை. அணுக்கள் அத்தனையும் அவையே, அமைந்திருக்கும் திசை மட்டுமே வேறு. அதை நொதி ஏற்பதில்லை. இதைவிடத் தெளிவான சாட்சியம் வேண்டியதில்லை. உடனடிப் பயன் தெரியாத இத்தகைய ஆய்வுக்குப் பணம் ஒதுக்கத் தயங்குவோர், இந்த மாத்திரை எங்கிருந்து வந்தது என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

தசைச் செல்லுக்குள் புகும் நைட்ரிக் ஆக்சைடு, சைக்ளிக் ஜிஎம்பி என்ற மூலக்கூறைப் பெருக்குகிறது. அது கால்சியத்தைக் குறைக்க, தசை தளர்கிறது. இந்த மூலக்கூறைச் சிதைக்கும் நொதி பாஸ்போடையெஸ்டரேஸ்-5. தடாலாபில் தடுப்பது இதைத்தான். முன்பு சொன்ன எல்-நைட்ரோஆர்ஜினின் குழாயை மூடுகிறது என்றால், இது வடிகாலை அடைக்கிறது. அதனால் நரம்பு அனுப்பும் சிறிய செய்தியும் நீடித்து நிற்கிறது. ஆனால் செய்தியே வராத இடத்தில் இந்த மாத்திரைக்கு வேலை குறைவு. நீரிழிவால் நரம்பு சேதமடைந்தவர்களுக்குப் பலன் குறையக்கூடியது இதனால்தான். வீங்கிய புராஸ்டேட்டால் வரும் சிறுநீர்த் தொல்லைக்குத் தடாலாபிலை அமெரிக்கா 2011-இல் அங்கீகரித்தது. வழக்கமான அளவு நாளுக்கு 5 மில்லிகிராம். இடுப்புப் பகுதியின் இரத்த ஓட்டம் கூடுவதும் இதன் பலனில் சேரும் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள்.

நம் மலேசியாவில் 'ஆண்மைக் காப்பி' என்று விற்கப்படும் பொட்டலங்களில் இதே மருந்து மறைத்துக் கலக்கப்பட்டிருப்பதைச் சுகாதார அமைச்சு பலமுறை கண்டறிந்து எச்சரித்திருக்கிறது. மூலிகையின் மகிமை என்று நம்பிக் குடிப்பவர் நெஞ்சுவலிக்கு நைட்ரேட் மருந்தும் எடுப்பவராக இருந்தால், ஒன்று நைட்ரிக் ஆக்சைடைப் பெருக்க, மற்றொன்று சைக்ளிக் ஜிஎம்பி சிதையாமல் தடுக்க, இரத்த அழுத்தம் உயிருக்கே ஆபத்தான அளவுக்குச் சரியக்கூடும். ஆகவே ஆசிரியர் ஐயா, மாத்திரையைத் தொடரும் முன், நைட்ரேட் எடுக்கிறீர்களா என்பதை மட்டும் மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.