திராட்டிலை மூடும் நொடியில் பின்சக்கரம் என்ன செய்கிறது?

வளைவில் சாய்ந்திருக்கும்போது பயந்து திராட்டிலைச் சட்டென்று மூடுவது எந்த பைக்கிலும் ஆபத்துதான். செயினுக்குப் பதில் ஒரு சுழல்தண்டு (ஷாஃப்ட்) பின்சக்கரத்தை ஓட்டும் ஷாஃப்ட் டிரைவ் வண்டியில் ஆபத்து இன்னும் கூடுதல். ஷாஃப்ட் முனையிலுள்ள பினியன் என்ற சிறு பல்சக்கரம், பின்சக்கரத்தைச் சுழற்றும் பெரிய பல்சக்கரத்தின் மீது ஏறப் பார்க்கும். அதனால் திராட்டிலை முறுக்கும்போது வண்டியின் பின்பக்கம் எழும்பும்; திராட்டிலை மூடினால் அமுங்கும். சாய்ந்த நிலையில் அமுங்கினால் ஃபுட்ரெஸ்டோ சென்டர் ஸ்டாண்டோ தரையில் உரசி, டயரின் பிடியையே குறைத்துவிடும். 1987இல் பிஎம்டபிள்யூ தன் ஜிஎஸ் வண்டிகளில் கொண்டுவந்த பாராலீவர் என்ற பின்சக்கரத் தாங்கி அமைப்பு, கூடுதல் இணைப்பும் ஒரு தாங்குதண்டும் வைத்து இதைப் பெருமளவு அடக்கியது. பழைய ஷாஃப்ட் வண்டி ஓட்டுபவர்கள் பிரேக்கையும் கியர் குறைப்பையும் வளைவுக்கு முன்பே முடித்துவிட வேண்டும். உள்ளே போனபின் திராட்டில் லேசாகத் திறந்தே இருக்கட்டும்.

பின்சக்கரத்திலிருந்து வரும் எதிர்விசையில் தானே சற்று வழுக்கும் ஸ்லிப்பர் கிளட்ச் உதவுவது கியரைக் குறைக்கும்போது. பிரேக் பிடிக்கையில் எடை முன்னே போய்விடுவதால் பின்டயருக்குப் பிடி குறைவு. அந்நேரம் கிளட்சைச் சட்டென்று விட்டால் என்ஜின் பின்சக்கரத்தை இழுத்துப் பிடிக்கும். சக்கரம் துள்ளும், வழுக்கும். ஸ்லிப்பரின் உட்பகுதியிலுள்ள சாய்தளங்கள் இந்த எதிர்விசையில் பிரஷர் பிளேட்டைச் சற்று விலக்கி, கிளட்ச் பிளேட்டுகளை வழுக்கவிடும். ஆனால் இது, பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டாமல் காக்கும் ஏபிஎஸ் அல்ல! பின்பிரேக்கை அழுத்தி மிதித்தால் சக்கரம் பூட்டத்தான் செய்யும். ஐந்தாவது கியரிலிருந்து நேராக இரண்டாவதுக்குத் தள்ளினால் ஆர்பிஎம் (என்ஜின் சுழல்வேகம்) எல்லை மீறுவதையும் அது முழுதாகத் தடுக்காது.

செயின் இல்லையே என்று ஷாஃப்டை மறந்துவிடுவதுதான் பலர் செய்யும் தவறு. ஃபைனல் டிரைவுக்கு, அதாவது பின்சக்கரத்தருகே உள்ள பல்சக்கரப் பெட்டிக்கு, தனி கியர் ஆயில் உண்டு; கிரேடும் அளவும் கையேட்டில் இருப்பதுபோலவே இருக்கட்டும். அதிகம் ஊற்றினால் சூடேறி சீல் வழியே கசியும். கசிந்த ஆயில் டயரிலும் பிரேக் டிஸ்க்கிலும் படிந்தால் வண்டியை நகர்த்தவே கூடாது. வடிகால் போல்ட்டின் காந்தத்தில் மெல்லிய சாம்பல் பசை இருந்தால் கவலையில்லை. மினுமினுக்கும் இரும்புச் செதில் என்றால் பேரிங்கோ பல்லோ தேய்கிறது. சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி, பின்சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பாருங்கள். ஆட்டம் தெரிந்தால் உடனே பிரித்துப் பார்க்க வேண்டும்.

கிளட்ச் என்ஜின் ஆயிலிலேயே நனைந்திருக்கும் ஈரக் கிளட்ச் வண்டிக்கு, ஜப்பானியத் தர அமைப்பான ஜாசோவின் எம்ஏ அல்லது எம்ஏ2 முத்திரையுள்ள என்ஜின் ஆயில் மட்டுமே. உராய்வு குறைக்கும் கார் ஆயில் ஊற்றினால் முறுக்கும்போதே கிளட்ச் வழுக்கும். பலர் அதை ஸ்லிப்பரின் கோளாறு என்று நினைத்து வீணாகப் பிரித்துவிடுகிறார்கள்.