ஞாபக அட்டையைப் பரீட்சையாக்காதீர்கள்

பினாங்கில், பட்டர்வொர்த் பக்கம் பிள்ளைகளுக்குப் பேச்சுப் பயிற்சி கொடுக்கிறேன். கொஞ்ச நாளைக்கு முன்னால் ஓர் அம்மா தன் ஐந்து வயது மகனைக் கூட்டிக்கொண்டு வந்தார். "டீச்சர், இவனுக்கு ஞாபக சக்தியே இல்லை, அட்டை விளையாட்டில் ஒரு ஜோடிகூட எடுக்க மாட்டேன் என்கிறான்" என்றார். எத்தனை அட்டை வைத்து விளையாடுகிறீர்கள் என்று கேட்டேன். பெட்டியில் இருந்த 72 அட்டையுமாம்!

விளையாட்டு உங்களுக்குத் தெரிந்ததுதான். கவிழ்த்து வைத்த அட்டைகளில் இரண்டைத் திருப்ப வேண்டும், ஒரே படம் என்றால் நமக்கு, இல்லையென்றால் மறுபடியும் கவிழ்த்துவிட வேண்டும். ஜெர்மனியின் ராவன்ஸ்பர்கர் நிறுவனம் 1959இல் இதைப் பெட்டியில் போட்டு விற்க ஆரம்பித்தது. அதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே ஜப்பானில் சிப்பி ஓடுகளை வைத்து ஜோடி தேடியிருக்கிறார்கள், ஒரு சிப்பியின் இரண்டு பாதியும் ஒன்றோடொன்று மட்டும்தான் பொருந்தும் என்பதால்.

சரி, 72க்கு வருவோம். பெரியவர்களே ஒரே நேரத்தில் மனத்தில் பிடித்து வைத்திருக்கக்கூடியது ஏறக்குறைய 4 விஷயம்தான் என்கிறார்கள் ஆய்வாளர்கள், ஐந்து வயதுப் பிள்ளைக்கு அதைவிடக் குறைவு. அதோடு, பார்த்ததை மறக்காமல் இருக்க மனத்துக்குள்ளேயே 'மேல் வரிசை மீன், மேல் வரிசை மீன்' என்று சொல்லிக்கொள்ளும் பழக்கம் பெரும்பாலான பிள்ளைகளுக்கு 7 வயது வாக்கில்தான் தானாக வருகிறது. அதற்கு முன்னால் நாம்தான் வாய்விட்டுச் சொல்ல வைக்க வேண்டும். அன்றைக்கு 12 அட்டையை மட்டும் மூன்று வரிசையாக அடுக்கி, திருப்பும் ஒவ்வொன்றுக்கும் பெயர் சொல்லச் சொன்னேன். பையன் இரண்டு ஜோடி எடுத்தான். அம்மாவுக்குத்தான் நம்ப முடியவில்லை.

எனக்கு இதைவிடப் பிடித்தது மூன்று மூன்றாகச் செட் சேர்க்கும் விளையாட்டு. டுரியான், ரம்புத்தான், மங்குஸ்தீன் ஒரு செட். பஸ், ஃபெர்ரி, திரிஷா (மூன்று சக்கர சைக்கிள் ரிக்‌ஷா) ஒரு செட். எடுத்த செட்டுக்கு ஒரே பெயர் சொன்னால்தான் அது உங்களுக்கு. இங்கேதான் பல பிள்ளைகள் தடுமாறுகிறார்கள்: டுரியான் தெரியும், 'பழம்' என்று ஒட்டுமொத்தமாகச் சொல்ல வராது, 'வாகனம்' சுத்தமாக வராது. மலாயில் சொன்னாலும் ஆங்கிலத்தில் சொன்னாலும் ஏற்றுக்கொள்ளுங்கள், அப்புறம் நீங்கள் தமிழில் ஒருமுறை சொல்லுங்கள். "தப்பு, தமிழில் சொல்லு" என்று அதட்டினால் அடுத்த முறை அட்டையைத் தொடக்கூட மாட்டான்.

இப்படி விளையாடினால் ஞாபக சக்தி கூடுமா என்று கேட்பவர்களுக்கு நேர்மையாகச் சொல்கிறேன்: முக்கியமாக இந்த விளையாட்டில்தான் கெட்டிக்காரர் ஆவோம், வாய்ப்பாடு மனப்பாடம் ஆவதற்கு இது உதவும் என்று எதிர்பார்க்காதீர்கள். தன் முறை வரும்வரை காத்திருப்பது, அடுத்தவர் திருப்புவதைக் கவனிப்பது, தோற்றாலும் மேசையை விட்டு எழுந்து ஓடாமல் இருப்பது, நான்கு புது வார்த்தை, இதெல்லாம் கிடைக்கும். எனக்கு அது போதும்.

இன்னொன்று, தாத்தா பாட்டிகளிடம் இதை வைத்துச் சோதனை செய்யாதீர்கள். ஒரு வீட்டில் பாட்டியைப் பேரப்பிள்ளைகளோடு உட்கார வைத்து, ஜோடி தவறியபோதெல்லாம் "பார்த்தீங்களா, அம்மாவுக்கு மறதி ஆரம்பிச்சிருச்சு" என்று பெரியவர்கள் கிசுகிசுத்திருக்கிறார்கள். அவர் அட்டையைத் தள்ளிவிட்டு எழுந்து போய்விட்டார். கடைசியில் கண்ணில் புரை! பளபளக்கிற சின்ன அட்டையில் பூனையும் முயலும் ஒன்றாகத் தெரிந்திருக்கிறது. மறதியைப் பற்றி உண்மையிலேயே கவலை என்றால், அதாவது அடுப்பை அணைக்க மறப்பது, பழகிய பாதையில் வழி தவறுவது, கேட்டதையே திரும்பத் திரும்பக் கேட்பது என்று இருந்தால், அரசாங்கக் கிளினிக்குக்குக் கூட்டிப் போங்கள். அட்டைகளால் அதைச் சொல்ல முடியாது.

கடையில் வாங்க வேண்டும் என்றுகூட இல்லை. நான் வைத்திருப்பது மைலோ பெட்டியை வெட்டி, பெரிய படங்களாக ஒட்டியது. பின்பக்கம் பச்சை எழுத்து ஒவ்வோர் அட்டையிலும் ஒவ்வொரு மாதிரி இருக்கும், அதை அடையாளம் வைத்துக்கொண்டு டுரியானை மட்டும் குறி பார்த்து எடுக்கும் ஒரு வாண்டு என்னிடம் வருகிறாள். கண்டுபிடித்துவிட்டேன் என்று இன்னும் அவளிடம் சொல்லவில்லை.