நாடு எத்தனாவது இடம்னு மட்டும் பாத்தா போதுமா?

வீடு வீடாப் போய் எடுக்குற சர்வே டேட்டாவை அலசுறதுதான் என் வேலை. ஐநாவோட மனித மேம்பாட்டு அறிக்கை வெளியாகும்போதெல்லாம் எல்லாரும் கேக்குறது ஒண்ணே ஒண்ணுதான், நாடு எத்தனாவது இடம்? ரெண்டு இடம் ஏறுனா கொண்டாட்டம், இறங்குனா சண்டை. ஆனா மத்த நாடுங்க நம்மளவிட வேகமா போனாலே நம்ம இடம் இறங்கிடும், உள்ள ஒண்ணுமே கெட்டுப் போயிருக்க வேண்டியதில்ல.

முன்னாடி ஜிடிபி, அதாவது ஒரு வருஷத்துல நாட்டுக்குள்ள உற்பத்தியாகுற பொருள், சேவையோட மொத்த மதிப்பு, அது ஒண்ணைத்தான் பாத்துக்கிட்டு இருந்தாங்க. தேசிய வருமானத்தை வச்சு மக்களோட நலனைச் சொல்லிட முடியாதுன்னு அமெரிக்காவுக்கு அந்தக் கணக்கைப் போட்ட பொருளாதார அறிஞர் சைமன் குஸ்னெட்ஸே 1934லயே அமெரிக்க காங்கிரஸுக்குக் குடுத்த அறிக்கையில எழுதிட்டாரு, யாரும் காதுல போட்டுக்கல. 2015ல அயர்லாந்து ஜிடிபி ஒரே வருஷத்துல 26 சதவீதம் கூடுச்சுன்னு கணக்கு வந்துச்சு, அங்க இருக்குற ஜனங்க திடீர்னு பணக்காரங்க ஆயிட்டாங்களா என்ன, பெரிய பன்னாட்டு கம்பெனிங்க காப்புரிமை மாதிரி சொத்துகளை அந்த நாட்டுக் கணக்குக்கு மாத்துனதுதான் முக்கிய காரணம்.

1990ல மஹ்பூப் உல் ஹக், அமர்த்தியா சென்ங்கிற பொருளாதார அறிஞர்கள் யோசனையில வந்ததுதான் மனித மேம்பாட்டுக் குறியீடு, ஐநா அறிக்கையில நாடுங்களுக்கு இடம் குடுக்குறது இதை வச்சுத்தான். ஆயுள், படிப்பு, வருமானம்னு மூணையும் 0லேர்ந்து 1க்குள்ள கொண்டுவந்து சேர்ப்பாங்க. வருமானத்தை நேரா எடுக்காம லாக் (மடக்கை) போட்டு, அதாவது எத்தனை மடங்கு கூடுதுன்னு பாத்து எடுக்குறாங்க, அதனால 1000 டாலர் 2000 ஆகுறதும் 20,000 டாலர் 40,000 ஆகுறதும் வருமானப் பகுதியோட மதிப்பை ஒரே அளவுதான் ஏத்தும். இல்லாதவன் கைக்கு வர்ற காசுக்கு மதிப்பு அதிகம்ங்கிறதை ஒத்துக்குற கணக்கு இது, எனக்கு ரொம்பப் பிடிச்ச இடம்.

2010ல சேர்க்குற முறையையும் மாத்துனாங்க, இதை நிறைய பேர் கவனிக்கல. ஒரு நாட்டுக்கு ஆயுள் 0.9, வருமானம் 0.9, படிப்பு 0.3னு வச்சுக்கோங்க. சாதா சராசரி போட்டா 0.7, "உயர்ந்த" பிரிவுக்குள்ள போயிடும். இப்ப மூணையும் பெருக்கி, அதுக்கு மூணாம் மூலம் (எந்த எண்ணை மூணு தடவை போட்டுப் பெருக்குனா அது வருமோ, அந்த எண்) எடுக்குறாங்க, 0.62 பக்கம் வருது, "நடுத்தர"த்துல நிக்குது. ஒண்ணுல நல்லா இருக்கோம்னு இன்னொண்ணுல இருக்குற ஓட்டையை முழுசா மூட முடியாது.

படிப்புல ரெண்டு எண் இருக்கு, 25 வயசுக்கு மேல உள்ளவங்க சராசரியா எத்தனை வருஷம் படிச்சிருக்காங்க, இப்ப ஸ்கூல்ல சேர்ற குழந்தை எத்தனை வருஷம் படிக்கும்னு எதிர்பார்க்கலாம். ரெண்டுமே வருஷத்தைத்தான் எண்ணுது, அந்தக் குழந்தைக்கு ஒரு பத்தி படிச்சுப் புரியுதான்னு எண்ணல. அது தெரியணும்னா தேர்வு டேட்டாவைத் தனியா பாக்கணும்.

சராசரிக்குள்ள யாரு அடிபடுறாங்கன்னு தெரியணும்னா பல பரிமாண வறுமைக் குறியீட்டைப் பாருங்க, அதுவும் 2010லேர்ந்துதான் வருது. வீடு வீடா 10 விஷயம் பாப்பாங்க, சத்துக்குறைவு, குழந்தை இறப்பு, சமையல் எரிபொருள், கழிப்பறை, தண்ணி இப்படி. இங்கதான் கேள்வி கேக்குற விதம் முக்கியம். "கழிப்பறை இருக்கா?"ன்னு கேட்டா இருக்குன்னுதான் சொல்லுவாங்க, அதோட விட்டுட்டா கணக்கு தப்பாயிடும். "வேற குடும்பமும் அதையே பயன்படுத்துதா?"ன்னு அடுத்த கேள்வி கேட்டு, ஆமான்னு வந்தா, அந்த வீட்டுக்குக் கழிப்பறை இல்லாத கணக்குதான். தண்ணியும் அப்படித்தான், நல்ல தண்ணியாவே இருந்தாலும் போய்ட்டு வர 30 நிமிஷமோ அதுக்கு மேலயோ ஆச்சுன்னா அதுவும் குறைதான். அந்த அரை மணி நேரம் பெரும்பாலும் பொம்பளைங்களோடதும் பொண்ணுப் பிள்ளைங்களோடதும், ஜிடிபி கணக்குல அது பெரும்பாலும் வர்றதே இல்ல.

அதனால நாட்டோட இடத்தைப் பாக்குறவங்க தயவுசெஞ்சு மூணு பகுதியையும் தனித்தனியா பாருங்க, ஏற்றத்தாழ்வைக் கழிச்சு ஒரு குறியீடு அதே அறிக்கையில இருக்கு, அதையும் பக்கத்துல வச்சுப் பாருங்க, எவ்வளவு குறையுதுன்னு தெரியும். இன்னொண்ணு, இந்த சர்வே எல்லாம் வீட்டுக் கதவைத் தட்டி எடுக்குறது, வீடே இல்லாதவங்க, விடுதியிலயும் முகாம்லயும் இருக்குறவங்க பெரும்பாலும் இதுல வரவே மாட்டாங்க. உங்க ஊர்ல சர்வே ரிப்போர்ட் வந்தா, யாரையெல்லாம் கேக்காம விட்டாங்கன்னு அதுல போட்டிருக்கான்னு முதல்ல தேடிப் பாருங்க.